குதித்துவிடலாம் என்ற நம்பிக்கை

கேள்வி: கோவையில் பம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்களிடம் மூன்று ஃபோர்க்லிஃப்ட்கள் உள்ளன: ஒரு 3 டன் டீசல் வண்டி, ஒரு 2 டன் பேட்டரி வண்டி, இன்னொருவர் பயன்படுத்திவிட்டு விற்ற பழைய 3 டன் டீசல் வண்டி. முதல் இரண்டில் சீட் பெல்ட் இருக்கிறது, பழையதில் இல்லை. ஓட்டுநர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். ஒருவரும் பெல்ட் போடுவதில்லை. ஒரு ஷிஃப்டில் எண்பது தடவை ஏறி இறங்குகிறோம், ஒவ்வொரு தடவையும் மாட்டிக் கழற்ற முடியுமா என்கிறார்கள். பின்னால் திரும்பிப் பார்க்க விடவில்லை, வயிற்றை அழுத்துகிறது என்றும் சொல்கிறார்கள். இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணன். "வண்டி சாய்ந்தால் குதித்துவிட வேண்டும். பெல்ட் போட்டால் மாட்டிக்கொண்டு சாக வேண்டியதுதான். நானே ஒரு முறை குதித்துத் தப்பியவன்" என்கிறார். அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை. பெல்ட் போடாதவருக்கு ஒவ்வொரு முறையும் 200 ரூபாய் அபராதம் என்று அடுத்த மாதம் அறிவிக்கச் சொல்கிறது நிர்வாகம். சட்டம் பெல்ட்டைக் கட்டாயமாக்குகிறதா? அபராதம் போடலாமா? அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதைத் தீர்க்காமல் சட்டத்தையும் அபராதத்தையும் பேசிப் பயனில்லை.

உங்கள் மூத்த ஓட்டுநர் சொல்வது தவறு. ஆனால் சிந்திக்காமல் சொல்லும் தவறு அல்ல. பெல்ட் என்றதும் நம் எல்லோருக்கும் கார்தான் நினைவுக்கு வருகிறது. கார் எதிலாவது மோதும்போது உடல் முன்கண்ணாடியை நோக்கிப் பாயாமல் தடுப்பது அங்கே அதன் வேலை. கிடங்குக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு அது எதற்கு என்று அவர் கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஃபோர்க்லிஃப்டில் பெல்ட் வைத்திருப்பதன் முதல் நோக்கம் வேறு. வண்டி பக்கவாட்டில் சாயும்போது, தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கூரையின் எல்லைக்குள்ளேயே ஓட்டுநரை வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

சாயும் கணத்தை அவர் கண்முன் கொண்டுவந்து பார்க்கச் சொல்லுங்கள். வலப்புறம் வேகமாகத் திருப்புகிறார், வண்டி இடப்புறம் சாயத் தொடங்குகிறது. உடலும் அதே விசையால் இடப்புறமே தள்ளப்படுகிறது. கால் ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் இருக்கிறது. வெளியேறுவதற்குப் படி இருப்பதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். எனவே குதிப்பவர் வண்டி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே குதிக்கிறார். எதிர்ப்பக்கம் குதிக்க வேண்டுமென்றால் மேலேறிக்கொண்டிருக்கும் சரிவில் ஏறிக் குதிக்க வேண்டும், மனித உடலால் அது ஆகாது. அவர் தரையில் காலூன்றி நிமிர்வதற்குள் கூரையின் பக்கத் தூண் அவர்மீது இறங்கிவிடுகிறது. 3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல். விழ எடுத்துக்கொள்ளும் நேரம் ஓரிரு நொடி. தலையிலோ கழுத்திலோ மார்பிலோ அந்தத் தூண் விழுந்தால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பலர் குதிப்பதுகூட இல்லை. இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படுகிறார்கள். முடிவு ஒன்றுதான்.

அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ் 1999 இறுதியில் ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கைக் கையேடு வெளியிட்டது. 1980 முதல் 1994 வரை அந்நாட்டில் ஃபோர்க்லிஃப்ட் தொடர்பான விபத்துகளில் இறந்த 1,021 பேரின் பதிவுகளை அது ஆராய்ந்தது. மிகப் பெரிய பங்கு, 22 சதவீதம், வண்டி கவிழ்ந்ததால் நேர்ந்தது. நடந்துபோனவர் வண்டி மோதி இறந்தது 20 சதவீதம். பளு தலையில் விழுவதைப் பற்றித்தான் நம் கிடங்குகளில் அதிகம் அஞ்சுகிறோம். வண்டியே விழும் என்று எண்ணுவதில்லை.

அதே கையேட்டில் உள்ள ஒரு நிகழ்வை உங்கள் ஓட்டுநர்களுக்குச் சொல்லுங்கள். 1996 செப்டம்பரில் விளம்பரப் பலகை செய்யும் நிறுவனம் ஒன்றின் தலைவரே ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டு டிரெய்லரிலிருந்து இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார். வயது 43. வேகம் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நம் ஊர் சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும். கான்கிரீட் தரை, மிக லேசான சரிவு. டிரெய்லரின் பின்னால் திருப்பியபோது வண்டி சாயத் தொடங்கியது. அவர் குதித்தார். கூரைச் சட்டம் அவருடைய தலையையும் கழுத்தையும் கான்கிரீட்டோடு அழுத்திவிட்டது. பிறகு வண்டியைச் சோதித்தபோது பின் அச்சு ஓர் அளவுக்கு மேல் ஆடாமல் தடுக்கும் முட்டுகளில் ஒன்று முன்பே சேதமடைந்திருந்ததும், ஸ்டியரிங்கில் அரைச் சுற்றுக்கு மேல் தளர்வு இருந்ததும் தெரியவந்தன. வண்டியில் பெல்ட் இல்லை. வேகம், பராமரிப்பு, குதித்தது, பெல்ட் இல்லாதது எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்ட நிகழ்வு அது. நிறுவனத்தின் தலைவராக இருந்தும் இரும்புத் தூண் அவரிடம் பாகுபாடு காட்டவில்லை என்பதை உங்கள் நிர்வாகமும் கவனிக்கட்டும்.

8 கிலோமீட்டர் வேகத்தில் எப்படிக் கவிழும் என்று கேட்பார்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களிடம்கூட நான் கண்ட பெரிய தவறான எண்ணம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்டுக்கு நான்கு சக்கரங்கள் இருக்கின்றன, ஆனால் அது நிற்பது மூன்று புள்ளிகளில். முன் அச்சு வண்டியின் சட்டகத்தோடு இறுக்கமாகப் பிணைந்தது. பின் அச்சு நடுவில் ஒரே ஊசியில் தொங்கி இரண்டு பக்கமும் ஆடும். மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். முன் சக்கரங்கள் இரண்டு, பின் அச்சின் நடு ஊசி ஒன்று. இந்த மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். முன்பக்கம் அகலம், பின்பக்கம் கூர்மை. வண்டியும் பளுவும் சேர்ந்த ஈர்ப்பு மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் விழும்.

இப்போது பளுவை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பளுவைச் சமன்செய்யப் பின்னால் வைத்திருக்கும் எதிர் எடை முழுவதும் மையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. முக்கோணம் குறுகிப்போகும் இடத்துக்கு. அங்கே பக்கவாட்டில் இடமே இல்லை. ஆகவே, ஃபோர்க்கைத் தாழ்த்தி அளவான பளுவோடு போகும் வண்டியைவிடக் காலி வண்டிதான் திருப்பத்தில் எளிதாகக் கவிழும். உங்கள் ஓட்டுநர்கள் எப்போது வேகமாகப் போகிறார்கள்? காலியாக வரும்போதுதான். "லோடு இல்லையே" என்ற தைரியத்தில். பெல்ட்டைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் இந்த முக்கோணத்தை வரைந்து காட்டுங்கள். ஒரு மணி நேர வகுப்பு செய்யாததை அந்த வரைபடம் செய்யும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தில் வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 8 கிலோமீட்டரில் திருப்புவதை 16 கிலோமீட்டரில் திருப்பினால் தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. மாஸ்ட், அதாவது ஃபோர்க்கைத் தூக்கும் முன்பக்கத் தூண், உயர்ந்திருந்தால் மையமும் மேலே போய்விடும். அப்போது இன்னும் குறைந்த விசையே கவிழ்க்கப் போதும். ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயராமல் ஓட்டுவதும், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும், சரிவில் திருப்பாமல் இருப்பதும் கவிழாமல் காக்கும். பெல்ட் கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்த பிறகு உயிரோடு வெளியே வருவதற்காக அது இருக்கிறது. பெல்ட் போட்டுக்கொண்டு பாய்ந்து ஓட்டும் ஓட்டுநரை நீங்கள் உருவாக்கிவிடக் கூடாது.

சரி, சாயும்போது என்ன செய்ய வேண்டும்? வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து, கால்களைத் தளத்தில் அழுத்தி, வண்டி எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்புறமாகச் சாய வேண்டும். கை வெளியே நீளக் கூடாது. விழும் பக்கம் கையூன்றித் தடுக்க முயன்று கையை இழந்தவர்கள் உண்டு. வண்டி முன்னோக்கிக் கவிழ்ந்தாலும் இதே முறைதான், உட்கார்ந்தபடியே பின்னுக்கு அழுத்திக்கொள்ள வேண்டும். பெல்ட் இல்லாமல் இதை வெறும் கைப்பலத்தால் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு டன் தரையில் அறையும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை நழுவத்தான் செய்யும். இடுப்பைப் பிடித்திருக்கும் பெல்ட் நழுவாது. ஒரு விதிவிலக்கு உண்டு. நின்றுகொண்டு ஓட்டும், பின்புறம் திறந்திருக்கும் வகை வண்டிகளில் பின்னோக்கி இறங்கி விலகுவதே முறை. உங்களிடம் அந்த வகை இல்லை. பின்னாளில் வாங்கினால் அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள்.

அண்ணன் குதித்துத் தப்பியது பொய் என்று நான் சொல்லவில்லை. தப்பியிருப்பார். எந்தப் பக்கம் விழுந்தது, அடுக்கிவைத்த சரக்கின்மீது சாய்ந்து நின்றதா, மண் தரையில் மெல்லப் புதைந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று ஒரு நாள் தேநீர் நேரத்தில் பொறுமையாகக் கேளுங்கள். வாதாடுவதற்காகக் கேட்காதீர்கள், அவரே தன் கதையை விவரமாகச் சொல்லும்போது எது தன்னைக் காப்பாற்றியது என்பது அவருக்கே புலப்படலாம். இளையவர்கள் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். அதைச் செய்தால் அவர் சாகும்வரை பெல்ட் போடமாட்டார், மற்ற நால்வரும் போடமாட்டார்கள். அதற்குப் பதிலாக, நிறுத்திவைத்த வண்டியில் சாயும்போது எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்குச் செய்து காட்டும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். ஒன்றைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தவர் தானே அதற்கு எதிராக நடப்பது கடினம்.

இனி அவர்கள் சொல்லும் காரணங்கள். மூன்றையும் சாக்கு என்று ஒதுக்காதீர்கள். மூன்றிலும் உங்களால் சரிசெய்யக்கூடியது இருக்கிறது.

எண்பது தடவை ஏறி இறங்குவது. மாட்டுவதற்கு மூன்று நொடி என்றால் எண்பது தடவைக்கு நான்கு நிமிடம். எட்டு மணி நேர ஷிஃப்டில் நான்கு நிமிடத்தை நிர்வாகம் தாங்கும். எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. ஓட்டுநர் எதற்காக எண்பது தடவை இறங்குகிறார்? ஒரு நாள் அவருடைய வேலையை ஓரமாக நின்று பாருங்கள். கோணலாக வைத்த பேலட்டை, சரக்கு அடுக்கும் பலகையை, தள்ளி நேராக்க இறங்குவார். டெலிவரி சலானில் கையெழுத்து வாங்க இறங்குவார். கதவைத் திறக்க இறங்குவார். கட்டு அவிழ்ந்த அட்டைப் பெட்டியை எடுத்துவைக்க இறங்குவார். இவற்றில் பாதி ஓட்டுநரின் வேலையே இல்லை. ஒரு உதவியாளரையும், வண்டியிலிருந்தே கையெழுத்துப் போடும்படி ஒரு மேசையையும் வைத்துவிட்டால் எண்பது முப்பதாகக் குறையும். முப்பது தடவை பெல்ட் மாட்ட யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஏறி இறங்கும்போது சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொள்வதும் குறையும். அது உங்களுக்குக் கூடுதல் லாபம்.

திரும்பிப் பார்க்க விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பது உண்மையான தொல்லை. இந்த பெல்ட்டுகளின் சுருளில், சட்டென்று இழுத்தாலோ வண்டி சாய்ந்தாலோ பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. அதுதான் உயிர்காப்பு, ஆனால் தூசி ஏறிய சுருள் தேவையில்லாத நேரத்திலும் பூட்டிக்கொள்ளும். வார்ப்படத் தூசியும் சிமெண்டும் உள்ள இடத்தில் அது அடிக்கடி நடக்கும். சரிவில் நிறுத்திய வண்டியில் பெல்ட் வெளியே வரவே மறுக்கும், சமதளத்தில் ஏறி மாட்டிக்கொண்டு பிறகு சரிவுக்குப் போகச் சொல்லுங்கள். மெல்ல, சீராக இழுத்தால் வருவது அவசரமாக வெடுக்கென்று இழுத்தால் வராது. சுருளைச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் தூசியை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதி நேரம் பின்னோக்கியே ஓட்ட வேண்டிய வேலையாக இருந்தால் இருக்கையையே சற்றுத் திருப்பிக்கொள்ளும் வசதி உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள். கழுத்துக்கும் நல்லது.

வயிற்றை அழுத்துகிறது என்பவர் பெரும்பாலும் அதை வயிற்றின்மேல் போட்டிருப்பார். பெல்ட் இடுப்பெலும்பின்மேல், தொடை தொடங்கும் இடத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்க வேண்டும். அங்கே இருந்தால் தொப்பை இருப்பவருக்கும் அழுத்தாது, விபத்தில் வயிற்றுக்குள் காயம் ஏற்படும் ஆபத்தும் குறையும். நீளம் போதவில்லை என்றால் தயாரிப்பாளரிடம் நீளமான பெல்ட் கேட்டு வாங்குங்கள். தையல்காரரிடம் கொடுத்து ஒட்டுப்போட்ட பெல்ட்டை வாங்கி மாட்டாதீர்கள். அப்படி ஒன்றை ஓர் ஆலையில் பார்த்தேன், நைலான் நூலில் அழகாகத்தான் தைத்திருந்தார்கள். இன்னொன்றை உங்கள் ஓட்டுநர்கள் வெளியே சொல்லியிருக்கமாட்டார்கள். ஐந்து பேர் மாறி மாறி உட்காரும் வண்டியில், கோடை முழுவதும் ஊறிய வியர்வையும் கிரீஸும் கறுத்துக் காய்ந்த பெல்ட்டைத் துவைத்த சட்டைமேல் யார் போட்டுக்கொள்வார்? வாரம் ஒரு முறை மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடச் சொல்லுங்கள். பெல்ட் போடாததற்கு உங்களிடம் சொல்லும் காரணத்தைவிடச் சொல்லாத இந்தக் காரணம் வலுவாக இருக்கலாம்.

சட்டத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பெல்ட் போட வேண்டும்" என்று ஒரு வரி இருந்ததில்லை. ஆனால் 1987 இல் சேர்த்த 7ஏ பிரிவு, இயந்திரங்களால் ஊழியருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் பொதுக் கடமையை ஆலையை நடத்துபவர்மீது வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020 ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே சொல்கிறது: காயம் விளைவிக்கக்கூடிய அபாயங்கள் இல்லாத பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமை, கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே புறக்கணிக்காமல் இருப்பது ஊழியரின் கடமை. வண்டியைச் செய்தவரே பெல்ட் வைத்து, கையேட்டில் போடு என்று எழுதி, இருக்கைப் பக்கத்தில் படமும் ஒட்டியிருக்கிறார். அதைப் போடாமல் ஓட்ட அனுமதித்துவிட்டு, ஆபத்து நேராமல் பார்த்துக்கொண்டோம் என்று ஆய்வாளரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அங்கே பணியிடப் பாதுகாப்பு விதிகளை அமலாக்கும் அரசு அமைப்பான ஓஷாவின் ஃபோர்க்லிஃப்ட் விதியில் பெல்ட் பற்றித் தனி வரி இல்லை. 1996 இல் வெளியிட்ட அமலாக்கக் குறிப்பின்படி, பெல்ட் இருந்தும் போட வைக்காத நிறுவனத்தின்மீது பொதுக் கடமைப் பிரிவின்கீழ் நடவடிக்கை எடுக்கிறார்கள். பிரிட்டன் இன்னும் நேரடியாக, கவிழும்போது ஓட்டுநர் நசுங்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்று 1998 ஆம் ஆண்டு விதிகளிலேயே கேட்டுவிட்டது. தனி வரி இல்லாததால் தப்பிக்கலாம் என்ற யோசனை எங்கேயும் எடுபடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒப்பந்ததாரரின் ஆள் என்பதாலும் பொறுப்பு உங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடாது. வண்டி உங்களுடையது, தரை உங்களுடையது, வேலையைச் சொல்வதும் நீங்கள்தான்.

ஓட்டுநர்களுக்கும் ஒரு சட்ட விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே இருக்கும் ஊழியருக்கு இழப்பீடு தருவது முதலாளியின் பொறுப்பு. ஆனால் தெளிவாக அறிவித்த பாதுகாப்பு விதியை அவர் வேண்டுமென்றே மீறியதாலேயே காயம் ஏற்பட்டது என்று நிறுவினால், இழப்பீட்டை மறுக்க 1923 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது; புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த வாசகம் தொடர்கிறது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இந்த வாதம் செல்லாது. அதற்குக் குறைந்த காயங்களுக்குச் செல்லும். கால் உடைந்து ஆறு மாதம் வீட்டில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மிரட்டலாகச் சொல்லாமல், தகவலாகச் சொல்லுங்கள்.

அபராதம் வேண்டாம் என்பது என் கருத்து. முதலில், நினைத்தபடி போட முடியாது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே ஒப்புதல் பெற்று அறிவிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டும், ஒரு சம்பளக் காலத்தின் மொத்த அபராதம் அந்தச் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வசூலித்த தொகை ஊழியர் நலனுக்கே போக வேண்டும். 20,000 ரூபாய் வாங்குபவருக்கு உச்சவரம்பு 600 ரூபாய். மூன்றாவது முறையோடு உங்கள் 200 ரூபாய்க் கணக்கு முடிந்துவிடும். சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெல்ட்டை இருக்கையின் முதுகைச் சுற்றி மாட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெல்ட்டின் ஆரஞ்சு நிறம் தெரியும், உங்கள் பதிவேடு நிறைவாக இருக்கும், உள்ளே இருப்பவர் அவிழ்ந்தே இருப்பார். தண்டனை வேண்டுமென்றால், சொல்லியும் போடாதவரை அன்றைக்கு வண்டியிலிருந்து இறக்கிச் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு அனுப்புங்கள். நல்ல ஓட்டுநருக்கு அது 200 ரூபாயைவிட அதிகம் உறைக்கும்.

பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி நகராதபடி இணைப்பு பொருத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பொருத்தலாம், உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் டீலரிடம் கேளுங்கள். ஆள் உட்கார்ந்த பிறகே மாட்டியிருக்கிறாரா என்று வரிசையையும் பார்க்கும் வகையை வாங்குங்கள், இல்லாவிட்டால் முதுகைச் சுற்றி மாட்டும் தந்திரம் அதையும் ஏமாற்றிவிடும். ஓடும்போது பெல்ட் அவிழ்ந்தால் வண்டியைச் சட்டென்று நிறுத்தும் வகை வேண்டாம். பளுவோடு திடீரென்று நிற்பது புது ஆபத்து. ஊர்ந்துபோகும் வேகத்துக்கு மெல்லக் குறைக்கும் வகை நல்லது.

பழைய வண்டியைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கவலை அதிகம். பெல்ட் இல்லை என்பதற்காக உள்ளூர்ப் பட்டறையில் இரண்டு கொக்கியைப் பற்றவைத்து லாரி பெல்ட்டை மாட்டிவிடாதீர்கள். ஃபோர்க்லிஃப்டில் இருக்கை பெரும்பாலும் என்ஜின் மூடியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மூடியின் பூட்டு தேய்ந்திருந்தால் வண்டி சாயும்போது மூடி திறந்து, இருக்கை, பெல்ட், ஆள் மூன்றும் சேர்ந்தே வெளியே போகும். பெல்ட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அப்போது வீண். ஆகவே மூடியின் கீல், பூட்டு, இருக்கையின் அடிப்போல்ட், எல்லாம் சரியாக இருந்த பிறகே பெல்ட்டைப் பற்றிய பேச்சு. கூரைத் தூணில் துளை போடவோ பற்றவைக்கவோ அனுமதிக்காதீர்கள், அதன் வலு குறைந்துவிடும். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கென்று பெல்ட்டும் இருக்கையும் சேர்ந்த தொகுப்பு விற்றால் அவர்கள் ஆளையே வைத்துப் பொருத்துங்கள். அப்படி ஒன்று கிடைக்காத அளவுக்குப் பழையது என்றால் வண்டியை விற்காதீர்கள், கழித்துவிடுங்கள். விற்றால் இன்னொரு ஆலையில் இன்னொருவர் அதில் உட்காருவார். முடிவு தெரியும்வரை அதைச் சரிவிலும் லாரி ஏற்றும் மேடையிலும் விடாதீர்கள்.

பேட்டரி வண்டியில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரியின் எடை ஒரு டன்னை நெருங்கும், பெரிய வண்டிகளில் அதற்கும் மேல். அதைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு மாற்றும்போது கழற்றிப் பிறகு போடாமல் விட்டிருப்பார்கள். பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வண்டி கவிழ்ந்தால் பெல்ட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கீழேயிருந்து அந்த ஒரு டன் நகரும்.

தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது பார்க்க வேண்டியது சிறிய வேலைதான். பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து வெட்டு, பிசிறு, எரிந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பது. வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா என்று சோதிப்பது. பக்கிள் சத்தத்தோடு மாட்டி எளிதாக அவிழ்கிறதா என்று பார்ப்பது. பெல்ட் பழுது என்றால் பிரேக் பழுதைப் போலவே வண்டி அன்று நிற்க வேண்டும். இதற்கு நிர்வாகம் சம்மதிக்கிறதா என்பதை அறிவிப்புப் பலகையில் எதையும் ஒட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை கவிழ்ந்த வண்டியின் பெல்ட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

மேற்பார்வையாளர்கள், பராமரிப்புப் பிரிவினர், அவசரத்துக்கு "இரண்டடி நகர்த்தி வைக்கிறேன்" என்று ஏறி உட்காரும் மேலாளர்கள் எல்லோருக்கும் இதே விதி. உங்கள் ஆலையில் பயிற்சி இல்லாதவர்கள் சாவியை எடுத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் முதலில் சாவியை உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் செய்ய வேண்டியது பழைய வண்டிதான். அதன் தகட்டில் இருக்கும் மாடல் எண், தயாரித்த ஆண்டு, வரிசை எண் ஆகியவற்றோடு இருக்கையின் அடிப்பகுதியையும் மூடியின் பூட்டையும் படமெடுத்து டீலருக்கு அனுப்பி, பெல்ட் தொகுப்பு கிடைக்குமா, பொருத்திய பிறகு எழுத்துப்பூர்வமாகச் சான்று தருவார்களா என்று கேளுங்கள். தகட்டில் எழுத்து அழிந்து படிக்க முடியாமல் இருந்தால் புதிய தகடும் கேளுங்கள். எவ்வளவு எடையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கலாம் என்று சொல்லும் தகடு இல்லாத வண்டியை, பெல்ட் இருந்தாலும் ஓட்டக் கூடாது.